கை பழகின மாடு

சந்தியாவை வேலைக்கு அனுப்புவதில்லை என்று ஹரிபாபு முடிவு செய்தான். அந்த முடிவைச் சந்தியாவிடம் சொல்வதில்லை என்றும் கூடவே முடிவு செய்தான்.

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவன் கற்றுக்கொண்ட வித்தை இது ஒன்றுதான். அவளிடம் ஒன்றைக் கூடாது என்று சொன்னால், ஏன் கூடாது என்று கேட்பாள். காரணம் சொன்னால், அந்தக் காரணம் ஏன் தப்பு என்று பொறுமையாக விளக்குவாள். விளக்கம் முடிவதற்குள் அவனே அவள் பக்கம் சேர்ந்து வாதாடிக்கொண்டிருப்பான். இப்படித்தான் வீட்டுக்குள் வாஷிங் மிஷின் வந்தது. இப்படித்தான் அவன் முகத்திலிருந்து மீசை போனது.

ஹரிபாபு நகரி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டேஷனிலிருந்து புத்தூர் வரைக்கும் வண்டி போகும். பெண்களுக்கு ஆர்டிசி பஸ்ஸில் இனி டிக்கெட் காசு கிடையாது என்று ஆந்திர அரசாங்கம் அறிவித்த நாளிலிருந்து அவன் பிழைப்பில் மண் விழுந்தது. எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு, ஒன்பதாவது ஆளைத் தன் மடியில் பாதி உட்காரவைத்துக்கொண்டு ஓட்டின வண்டி அது. இப்போது மூன்று பேர் காலை நீட்டிக்கொண்டு போகிறார்கள். அதிலும் ஒன்று கோழிக்கூடை.

வீட்டில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? பொங்கல் முடிந்த வாரம், தட்டில் சோறு விழுந்த கையோடு சந்தியா பேச்சை எடுத்தாள்.

"ரமணா பொண்டாட்டி பவ்யா இல்ல, ஸ்ரீசிட்டிக்குப் போய்க்கினு கீறா. ஃபேன் மோட்டார் பண்ற கம்பெனி."

"சரி."

"கம்பெனி பஸ்ஸு நம்ப கூட்ரோடாண்டயே வந்து ஏத்திக்கினு போது. காலைல ஆறு மணி. சாயங்காலம் ஆறரைக்கு அதே எடத்துல எறக்கி வுட்டுடுது."

"சரி."

"பத்தாவது பாஸாகியிருந்தா போதுமாம். நான் பத்தாவதுல கிளாஸ் ஃபர்ஸ்ட்டு."

"சரி சரி."

"முப்பத்தஞ்சு முடிஞ்சவங்கள எடுக்கமாட்டாங்களாம். எனக்கு மார்ச்சு பதினாறு வந்தா முடியுது. அத்தோட ஜென்மத்துக்கும் எவனும் கூப்பிடமாட்டான்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. ஹரிபாபு அதைக் கவனித்தான். கவனித்ததால்தான் அவசரமாகச் சோற்றைப் பிசைந்தான்.

"பாக்கலாம்" என்றான்.

அவன் 'பாக்கலாம்' என்று சொன்ன எதையும் இதுவரை பார்த்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். ரசம் ஊற்றினாள்.

அவனுக்கு என்ன கஷ்டம் என்றால், ஆட்டோ ஸ்டாண்டு. நகரி ஸ்டாண்டில் பதினேழு வண்டி. அதில் ரமணாவின் மனைவி கம்பெனிக்குப் போக ஆரம்பித்த அன்றைக்கு, ரமணாவுக்குப் பேர் மாற்றி வைத்தவன் சாட்சாத் ஹரிபாபுதான். "அடுத்த டர்ன் யாருது?" என்று யாராவது கேட்டால், "பவ்யா புருஷனுது" என்பான். ஸ்டாண்டே சிரிக்கும். "இன்னா பவ்யா புருஷா, இன்னிக்கி இன்னா கொழம்பு வெச்ச?" என்று தினமும் காலையில் விசாரிப்பான். ஒரு வருஷமாக விசாரிக்கிறான். இப்போது சந்தியாவும் பவ்யா மாதிரி நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினால், அந்தப் பதினாறு பேரும் அவனை என்ன பாடு படுத்துவார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவன் தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. அவளுடைய சம்பளம் அவனுடைய ஆட்டோவை முந்திவிடும் என்று பயந்தான். முந்தினால் அவளிடம் 'பாக்கலாம்' என்று சொல்ல முடியாது.

நேராக மறுக்க முடியாது. மறுக்காமலும் இருக்க முடியாது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டான். எட்டாம் நாள் வழி காட்டியவள் பக்கத்து வீட்டு ரத்னம்மா. மத்தியானம் மூன்று மணிக்கு பட்டுப்புடவையும் கையில் தாம்பூலப் பையுமாக வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தாள்.

"இன்னா ரத்னம்மாக்கா, பேரனுக்குக் காது குத்தறாங்கன்னு போன?"

"போனேன். கறக்கற நேரம் ஆயிடுச்சேன்னு ஓடியாறேன். ஒரு வாய் துன்னக்கூட இல்ல. பதினோரு வருசமா ஒரு ராத்திரி என் பொண்ணு வூட்ல தங்கல நான். இந்த மாடு என்னைக் கட்டிப்போட்டு வெச்சிக்கினு கீது."

ஹரிபாபு அப்படியே நின்றான். காலையில் ஆறு மணிக்குக் கறக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கறக்க வேண்டும். கம்பெனி பஸ் காலை ஆறு, சாயங்காலம் ஆறரை. மாட்டைக் கட்டினால் சந்தியாவைக் கட்டின மாதிரி. தடுத்தது புருஷன் என்று ஆகாது, மாடு என்று ஆகிவிடும். மாட்டிடம் போய் ஏன் கூடாது என்று யார் கேட்பார்கள்? தன் மூளையை நினைத்துத் தானே வியந்துபோய், அன்று புத்தூர் போக வேண்டிய ஒரு ஆளை வழியிலேயே இறக்கிவிட்டான்.

சீட்டு எடுத்த பணத்தைச் சுருட்டிக்கொண்டு பலமனேர் போனான். சந்தையில் அவனுக்குக் கிடைத்த தரகர், மாட்டை விட அதிகமாகத் தலையாட்டுகிற மனுஷன். செவலையும் வெள்ளையுமாக ஒரு கிராஸ் மாட்டைக் காட்டினார். கன்று இல்லை. வேளைக்கு ஆறு லிட்டர்.

"ஒரே ஒரு விசயம் தம்பி" என்றார் தரகர். "இது கன்னு இல்லாத மாடு. கைக்குத்தான் சுரக்கும். புது எடத்துக்குப் போனதும் மொதல் பத்து நாள் எந்தக் கை படுதோ, அந்தக் கையைத்தான் நம்பும். அப்பறம் கை மாத்தின, பால் எறங்காது. ஒதைக்கும்."

வேறு ஆளாக இருந்தால் இதைக் கேட்டுவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போயிருப்பான். ஹரிபாபு அந்தத் தரகரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். பேரம் கூடப் பேசவில்லை.

ஃபிப்ரவரி ஐந்தாம் தேதி, வாடகை வேனில் மாடு வந்து இறங்கியது. ஒன்பதாவது படிக்கிற மகள் ஹரிப்ரியா அதற்கு ஜூலி என்று பேர் வைத்தாள். சந்தியா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள், சண்டை வரும், சண்டை வந்தால் என்ன பேசுவது என்று பலமனேரிலிருந்து நகரி வரை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். அவளோ மாட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். கழுத்தைத் தடவினாள்.

"நல்ல மாடுங்க. யாரு கறக்கறது?"

"நீதான்."

"சரி."

இவ்வளவு சுலபமாக ஒரு 'சரி' அவள் வாயிலிருந்து அதுவரை விழுந்ததில்லை. அப்போதாவது அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஜெயித்துவிட்ட மிதப்பில் வாயை விட்டான்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. மொதல் பத்து நாள் எந்தக் கை படுதோ அந்தக் கைக்குத்தான் பால் எறங்கும். வேற கைய கிட்டவே சேக்காது. இனிமே நீ எங்கயும் போவ முடியாது, காலையும் சாயங்காலமும் இங்கதான்."

"அப்படியா?" என்றாள் சந்தியா. "மொதல் பத்து நாளா?"

"கரெக்டா பத்து நாள்."

"நல்லவேளை சொன்னீங்க."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவன் கண்ணைத் திறந்தபோது, சந்தியா கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். வலது கைக் கட்டைவிரலில் ஒரு முழு எலுமிச்சம்பழத்தைச் சொருகியிருந்தாள்.

"இன்னாமே இது?"

"நகச்சுத்துங்க. ராத்திரியெல்லாம் தெறிச்சிக்கினு கீது. வெரல மடக்கவே முடியல."

"நேத்து நல்லாத்தான இருந்த?"

"நகச்சுத்து சொல்லிட்டா வரும்?"

பழத்தைக் கழற்றிக் காட்டு என்று கேட்கலாம். கேட்டால் வலிக்கிறது என்பாள். வெளியே மாடு கத்தியது. மடி கட்டிக்கொண்டால் காய்ச்சல் வந்துவிடும் என்று ரத்னம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். ஹரிபாபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். சின்ன வயதில் அப்பா முனுசாமியோடு ஊரார் மாடெல்லாம் கறந்த கை அவனுடையது. சொந்த மாடு அவர்கள் வீட்டில் அப்போது ஏது?

"ஒரு ரெண்டு நாளைக்கு நான் பாக்கறேன். அப்பறம் நீதான்."

"ஐயோ, ரெண்டு நாள் எதுக்கு? சாயங்காலமே சரியாயிடும்" என்றாள் சந்தியா.

சாயங்காலம் எலுமிச்சம்பழம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

ஜூலி முதலில் அவனுக்கும் பால் விடவில்லை. தவுடு வைத்தான். கழுத்தைச் சொறிந்தான். சினிமாப் பாட்டு பாடினான். ஒன்றும் நடக்கவில்லை. அலுத்துப்போய், பழக்க தோஷத்தில் வாயில் வந்ததை முணுமுணுத்தான். "புத்தூர் புத்தூர் புத்தூர், ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு, புத்தூர் புத்தூர்." மாடு காதை ஆட்டிற்று. காம்பில் பால் இறங்கியது. குவளையில் நுரை பொங்கியது. பஸ் இலவசமான நாளிலிருந்து புத்தூர் புத்தூர் என்று தொண்டை கிழியக் கத்தியும் ஒரு பெண் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஜூலி மட்டும்தான் மதித்தது. அவனுக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

எலுமிச்சம்பழம் தினம் ஒன்று மாறியது. ரத்னம்மா வீட்டு மரத்திலிருந்து அவளே பறித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது இரண்டு பேரும் ஏனோ வெளியே பார்த்துக்கொண்டு பேசினார்கள். ஹரிபாபு காலையில் கறந்தான், சென்டருக்குப் பால் கொண்டுபோனான், சாணி வாரினான், சாயங்காலம் சவாரியை விட்டுவிட்டு ஓடிவந்து மறுபடி கறந்தான். பத்தாம் நாள் சாயங்காலம் கறந்து முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

பதினோராம் நாள் காலையில் சந்தியாவின் விரலில் பழம் இல்லை.

"எங்க உன் நகச்சுத்து?"

"எலுமிச்சம்பழம் இழுத்துடுச்சிங்க." கட்டைவிரலை நீட்டினாள். நகத்தைச் சுற்றி ஒரு சிவப்புக்கூட இல்லை. "இனிமே நான் கறக்கறேன். பாவம், எவ்வளோ நாள்தான் நீங்க கஷ்டப்படுவீங்க."

குவளையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஜூலி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு பின்னங்காலைத் தூக்கியது. குவளை வேலியைத் தாண்டி ரத்னம்மா வீட்டு வாசலில் போய் விழுந்தது.

ஹரிபாபு விடவில்லை. தன்னுடைய காக்கிச் சட்டையைக் கழற்றிச் சந்தியாவுக்குப் போட்டுவிட்டான். வாசனைக்கு ஏமாறும் என்று நினைத்தான். தலையில் தன் துண்டைக் கட்டினான். "கொரலு கொடு, கொரலு கொடு" என்றான்.

"இன்னான்னு?"

"புத்தூர்னு."

"புத்தூர் புத்தூர்" என்றாள் சந்தியா, காக்கிச் சட்டையில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

மாடு மூச்சு விட்டது, அவ்வளவுதான். கால் லிட்டர் கூட இறங்கவில்லை. ஹரிபாபு உட்கார்ந்து ஒரு 'புத்தூர்' போட்டதும் ஆறு லிட்டர் இறங்கியது. படிப்பு மேஜையிலிருந்து எட்டிப் பார்த்த ஹரிப்ரியா, "நைனா, அதுக்கு உன்னைத்தான் புடிச்சிருக்குது" என்றாள். மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டான். கம்பவுண்டர், கை பழகிவிட்டது, இனி இந்த ஈத்துப் பால் வற்றி முடிகிற வரைக்கும் கை மாற்றாதே என்று தெலுங்கில் சொன்னார். ஈத்து எப்போது முடியும் என்று கேட்டான். ஏழு மாதம் என்றார்.

போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். கட்டப்பட்டது தான்தான் என்றாலும், காரியம் கெடவில்லை. சந்தியா வீட்டில்தான் இருந்தாள். வேலை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவன் கறக்கும்போது டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று குடித்தாள். மார்ச் பதினாறு தாண்டிவிட்டால் பிறகு பயமில்லை. காலண்டரில் தினமும் ஒரு கோடு போட்டான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டாண்டு ஒன்று இருப்பதை மறந்துவிட்டான்.

மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள் எட்டரை மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் நிறுத்தினான். ரமணா வந்து பக்கத்தில் நின்றான்.

"ஏம் ஹரின்னா, மொத ரயிலுக்கு உன்னை ஒரு மாசமா காணமே. சாயங்காலமும் காணம்."

"வூட்ல மாடு வாங்கியிருக்கறேன்."

"மஞ்சிதே. நல்லதுதான். யாரு கறக்கறது?"

"நான்தான்."

"அக்காவுக்கு ஒடம்பு இன்னா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீறா."

"வேலைக்கு எங்கனா போவுதா?"

"என் பொண்டாட்டிய நான் வேலைக்கு அனுப்புவனா? இன்னா பேசற நீ?"

ரமணா யோசித்தான். கிண்டல் இல்லை, நிஜமாகவே யோசித்தான். அதுதான் ஹரிபாபுவுக்குத் தாங்கவில்லை.

"எனக்குப் புரியலன்னா. என் பொண்டாட்டி கம்பெனிக்குப் போறா. வந்து சேர ஆறரை ஆவுது. அதனால நான் கொழம்பு வெக்கறேன். அதுல ஒரு நாயம் கீது. உன் பொண்டாட்டி வூட்ல கீது. நீ கறக்கற. சாணி வார்ற. சென்டர்ல பொம்பளைங்க லைன்ல கேனைத் தூக்கிக்கினு நிக்கற. என் மாமியார் பாத்துட்டு வந்து சொல்லுது. அப்ப அக்கா இன்னா செய்யுது?"

பதினாறு வண்டிக்காரர்களும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒருத்தன் இன்ஜினைக்கூட அணைத்தான்.

ஹரிபாபு பதிலைத் தேடினான். சமைக்கிறாள் என்று சொல்லலாம். கறந்துவிட்டு வருகிறவனுக்குச் சமைப்பது ஒரு பெரிய காரியமா என்று கேட்பார்கள். டீ குடிக்கிறாள் என்பது உண்மை. அதைச் சொன்னால் ஊரை விட்டே போக வேண்டியதுதான். துணியை எடுத்து வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். ஸ்டாண்டு புரிந்துகொண்டது. பவ்யா புருஷன் என்ற பேர் அன்றோடு ஒழிந்தது. மத்தியானத்துக்குள் ஹரிபாபுவுக்குப் பால்காரம்மா என்று பேர் வந்துவிட்டது.

இரண்டு நாள் தாங்கினான். மூன்றாம் நாள், "அடுத்த டர்ன் பால்காரம்மாது" என்று ரமணா கூப்பிட்டபோது, அதைக் கேட்டு வண்டியில் ஏற வந்த பெரியவரே சிரித்தார். ஹரிபாபு அவரை அங்கேயே விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் யோசித்தான். சம்பாதிக்கிற பெண்டாட்டிக்குப் புருஷன் மாடு கறந்தால் அது நியாயம். ரமணாவே சொல்லிவிட்டான். சும்மா இருக்கிற பெண்டாட்டிக்குக் கறந்தால்தான் கேவலம். அப்படியென்றால் மானத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருக்கிறது. அது என்ன வழி என்று தெரிந்ததும் அவனுக்கு அழுகை வந்தது. இதைத் தடுக்கத்தானே மாட்டையே வாங்கினான்.

சந்தியா காலை நீட்டிக்கொண்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சந்தியா, நீ வேலைக்குப் போ."

"எந்த வேலைக்குங்க?"

"அதான், ஃபேன் மோட்டார் கம்பெனி."

"ஐயே, அதெல்லாம் எதுக்கு? மாடு கீது, வூடு கீது. எனக்கு இதே போதும்."

"நீதானமே கேட்ட?"

"கேட்டேன். நீங்க பாக்கலாம்னீங்க. வுட்டுட்டேன்."

"இப்ப பாத்துட்டேன். போ."

"காலைல ஆறு மணிக்கு பஸ்ஸு. சோறு யாரு ஆக்கறது?"

"கறந்துட்டு வந்து நான் ஆக்கறேன்."

"ஹரிப்ரியாவுக்கு ஜடை பின்னி அனுப்பணும்."

"அவளே பின்னிக்கட்டும். இல்லாட்டி நான் கத்துக்கறேன்."

"துணி?"

"மிஷினு கீது இல்ல?"

"மிஷின்ல போட்டா போதுமா? காயப்போடணும், மடிக்கணும்."

"மடிக்கறேன்."

"நாளைக்கு ஊர்ல யாராவது, பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பிட்டான்னு உங்களைப் பேசினா எனக்குத் தாங்காதுங்க."

"பேசட்டும். நான்தான் போவச் சொன்னேன்னு ஸ்டாண்டுல நானே சொல்றேன். நின்னு சொல்றேன். போதுமா?"

சந்தியா ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள். ரொம்ப நிதானமாக உரித்தாள்.

"எனக்கு இஷ்டமில்ல. நீங்க இவ்வளோ சொல்றதனால போறேன்" என்றாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி ஆகியிருந்தது. இன்னும் ஏழு நாள்தான். முப்பத்தைந்து முடிந்துவிட்டால் ஹரிபாபுவின் கதி என்ன? சர்டிபிகேட் எங்கே, சர்டிபிகேட் எங்கே என்று பீரோவைக் கவிழ்க்கப் போனான். கவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. மேல் தட்டிலேயே, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், ஜெராக்ஸோடு, மூன்று போட்டோவோடு தயாராக இருந்தது. தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலைக் கறவை முடிந்ததும் இருவரும் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள். கம்பெனிக்கு ஆள் எடுக்கிற ஆபீஸ் அங்கேதான். கண்டக்டர் சந்தியாவின் ஆதாரைப் பார்த்து டிக்கெட்டைச் சும்மா கிழித்துக் கொடுத்தார். ஹரிபாபுவிடம் கையை நீட்டினார். தன் பிழைப்பைக் கெடுத்த பஸ்ஸுக்குத் தானே காசு கொடுத்து ஏறுகிற ஆத்திரத்தில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சாயங்காலம் ஐந்துக்குள் திரும்பியாக வேண்டும் என்ற கவலை வேறு. புத்தூர் வந்தபோது கண்டக்டர் "புத்தூர், புத்தூர்" என்று கத்தினார். அவன் கைவிரல்கள் தானாக மடங்கின.

ஆபீஸில் கண்ணாடி போட்ட சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தினமும் திருத்தணியிலிருந்து ரயிலில் வந்துபோகிறவளாம். நல்ல தமிழ் பேசினாள். ஹரிபாபு முந்திக்கொண்டான்.

"மேடம், இவங்க என் வீட்டுக்காரம்மா. பேரு சந்தியா. பத்தாவதுல கிளாஸ் ஃபர்ஸ்ட்டு. இன்னும் முப்பத்தஞ்சு முடியல, ஆறு நாள் கீது. எப்படியாவது நீங்கதான் பாத்து ஒரு வேலை போட்டுக் கொடுக்கணும். நான் முழு சம்மதத்தோட அழைச்சிக்கினு வந்திருக்கறேன்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். பிறகு சந்தியாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்களா? உங்களுக்குத்தான் இன்னிக்கு போன் பண்ண இருந்தேன். ஜனவரி இருபத்தெட்டே செலக்ட் ஆயிட்டீங்களே."

"யாரு?" என்றான் ஹரிபாபு.

"இவங்கதான் சார். வந்து பரீட்சை எழுதினாங்க, பாஸ் பண்ணாங்க. ஆர்டர் கூட ரெடி. அப்பறம் சேர ஒரு மாசம் டைம் கேட்டு லெட்டர் கொடுத்திருந்தாங்க."

ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஹரிபாபு குனிந்து பார்த்தான். சந்தியாவின் கையெழுத்து, அச்சடித்த மாதிரி, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. தேதி ஃபிப்ரவரி ஆறு. நகச்சுத்தில் விரலை மடக்கவே முடியாமல் இருந்த நாள். எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'எங்கள் வீட்டில் நேற்று மாடு வாங்கியிருக்கிறோம். வீட்டில் ஒருவருக்குப் பால் கறக்கும் பயிற்சி தொடங்கியிருக்கிறது. அவர் நன்றாகப் பழகுவதற்கும், பிறகு தானாகவே என்னை அழைத்துக்கொண்டு உங்களிடம் வருவதற்கும் ஒரு மாதம் ஆகும். அதுவரை பொறுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.'

ஹரிபாபு இரண்டாவது தடவை படித்தான். வார்த்தை மாறவில்லை. அந்தப் பெண் பேனாவைத் திறந்துகொண்டு சந்தியாவிடம் திரும்பினாள்.

"அந்தப் பயிற்சி முடிஞ்சுதா மேடம்?"

சந்தியா ஹரிபாபுவை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"முடிஞ்சுது மேடம், நல்லாவே பண்றாரு. அஞ்சு மணிக்கு அவருக்கு டியூட்டி கீது, மொதல்ல அவருகிட்ட சம்மதக் கையெழுத்து வாங்கிக்கினு அனுப்பிடுங்க."